முப்பத்தைந்தாம் தவணை

(கெப்பாலா பத்தாஸில் பொதுமக்கள் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கிருந்து பெர்தாம் பக்கம் போனால் சயின்ஸ் மலேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகம் வரும். 2002இல் தொடங்கிய நிறுவனம். ஐபிபிடி என்று சொன்னால்தான் நம்மவர்களுக்குச் சட்டென்று தெரியும். இப்போது பெர்தாம் யூஎஸ்எம் மருத்துவ மையம் என்கிறார்கள். வேலைக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் போகும் வழியில் அதைக் கடந்துபோகிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அங்கே புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை தரப்படுகிறது. ஒரு சிறு பட்டணத்தில் இப்படி ஒரு வசதி இருப்பது சாதாரண விஷயம் இல்லை. இந்த வசதி நாட்டின் புற்றுநோய்த் திட்டத்துக்குள் எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தாமல் நிற்கிறது என்பதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை, மருத்துவ இயற்பியலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்தத் திசையிலிருந்து எவ்வளவு கதிர் போக வேண்டும் என்று கணக்குப் போடுவதும், காலையில் நோயாளி வருமுன் இயந்திரம் சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்ப்பதும்தான் என் வேலை. அதனால் நான் பேசும்போது எண்கள் கொஞ்சம் கூடுதலாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஓர் ஆள் இருக்கிறார்.

முதலில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், மருத்துவமனையின் பெயரும் வேண்டாம். இருபது ஆண்டுகளுக்குமுன் பார்த்தது. தோட்டத்தில் பால்மரம் வெட்டியே பிள்ளைகளை ஆளாக்கிய அம்மா அவர். கன்னத்தின் உட்பக்கத்தில் புற்று. வெற்றிலை, பாக்கு, புகையிலை, ஐம்பது வருடப் பழக்கம். அவருக்கு 35 தவணைக் கதிர்வீச்சு எழுதியிருந்தோம். திங்கள் முதல் வெள்ளிவரை தினமும் ஒன்று, ஆக ஏழு வாரம். முகத்தின் அச்சில் ஒரு பிளாஸ்டிக் வலையை வார்த்து, அதை மேசையோடு பூட்டித்தான் படுக்க வைப்போம். அசையக் கூடாது. அந்த வலைக்குப் பயந்து முதல் நாள் அழுதார். மூன்றாம் நாள் அவரே முகத்தைக் கொண்டுவந்து அதில் வைத்தார்.

மகன் லோரி ஓட்டுகிறவர், நாள் கூலி. அம்மாவைக் கூட்டிவரும் ஒவ்வொரு நாளும் அவருக்குச் சம்பளம் இல்லை. இருபத்தொன்றாம் தவணையோடு அவர்கள் வருவது நின்றது. போன் போட்டோம். "அம்மாவுக்கு இப்ப வலி குறைஞ்சிருக்கு சார். அடுத்த மாசம் மறுபடியும் கூட்டிட்டு வர்றேன்" என்றார் மகன். அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. வலி குறைந்தால் நோய் குறைந்துவிட்டது என்று நினைப்பது இயல்புதானே. அடுத்த மாதம் அந்த அம்மா வந்தபோது கட்டி மறுபடி வளர்ந்திருந்தது.

ஏன் அப்படி? கதிர்வீச்சு ஒரே அடியில் முடிகிற காரியம் இல்லை. ஒவ்வொரு தவணையிலும் புற்று உயிரணுக்களில் ஒரு பங்கு சாகிறது. இடைவெளியில் நல்ல உயிரணுக்கள் தங்களைச் சரிசெய்துகொள்கின்றன. அதற்காகத்தான் தவணை தவணையாகக் கொடுக்கிறோம். சிகிச்சை தொடங்கிச் சில வாரங்கள் ஆனதும், மிஞ்சியிருக்கும் புற்று உயிரணுக்களும் முன்னைவிட வேகமாகப் பெருக ஆரம்பிக்கின்றன. தலை, கழுத்துப் புற்றுநோயில் சிகிச்சை ஒரு நாள் நீண்டால், நோய் கட்டுப்படும் வாய்ப்பு சுமார் 1.4 விழுக்காடு குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு வாரம் நீண்டால் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் இப்படித்தான். வெளியிலிருந்து தரும் கதிரும் உள்ளே வைத்துத் தரும் பிராக்கிதெரபியும் சேர்ந்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். தொடங்கும் முன் காத்திருக்கும் நாட்களும் இந்தக் கணக்கில் சேரும். 2020இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த பெரிய ஆய்வின்படி, தலை, கழுத்துப் புற்றுநோயில் கதிர்வீச்சு நான்கு வாரம் தள்ளிப்போனால் இறக்கும் அபாயம் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது.

அந்த ஆண்டு எங்கள் அறிக்கையில் அந்த அம்மா ‘சிகிச்சை பெற்றவர்’ என்ற வரிசையில் ஓர் எண்ணாக இருந்தார். அந்த வரிசையைத் தயாரித்தவர்களில் நானும் ஒருவன். அன்றிலிருந்து ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன். எத்தனை இயந்திரம் வாங்கினோம், எத்தனை பேருக்குச் சிகிச்சை தொடங்கினோம் என்று எண்ணுவது போதாது. எத்தனை பேர் கடைசித் தவணையை உரிய நாளில் முடித்தார்கள் என்று எண்ண வேண்டும். கதிர்வீச்சு சேவையைத் திருத்தி அமைக்க நினைக்கும் எந்தத் திட்டத்துக்கும் அதுதான் அளவுகோலாக இருக்க வேண்டும்.

இனி நாட்டு நிலவரத்துக்கு வருவோம். மலேசியாவில் 2016 முதல் 2020 வரைக்கும், பின்னர் 2021 முதல் 2025 வரைக்கும் புற்றுநோய்க் கட்டுப்பாட்டுக்கான தேசிய வியூகத் திட்டங்கள் வந்தன. தடுப்பு, முன்கூட்டியே கண்டறிதல், சிகிச்சை, வலி தணிக்கும் பராமரிப்பு எல்லாம் அவற்றில் உண்டு. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில் 2012 முதல் 2016 வரை 1,15,238 புதிய நோயாளிகள் பதிவானார்கள். அடுத்த ஐந்தாண்டில், 2017 முதல் 2021 வரை, அது 1,68,822 ஆனது. இவர்களில் அறுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டறியப்படுகிறார்கள். முற்றிய பின் வருகிறவர்களுக்குக் கதிர்வீச்சின் தேவை அதிகம்.

உலக அளவில் புற்றுநோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் கதிர்வீச்சு தேவைப்படும் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. இதை நம் வட்டாரத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பினாங்கு, கெடா, பெர்லிஸ் மூன்றிலும் சேர்த்து 40 லட்சத்துக்கு மேல் மக்கள். நாட்டு மக்கள்தொகையில் சுமார் எட்டில் ஒரு பங்கு. அந்த விகிதத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,300 புதிய புற்றுநோயாளிகள், அவர்களில் 2,100 பேருக்குக் கதிர்வீச்சு. ஓர் இயந்திரம் ஆண்டுக்கு 450 பேரைத் தாங்கும் என்று வைத்தாலும் ஐந்து இயந்திரங்கள் இடைவிடாமல் ஓட வேண்டும். பேராக்கின் வடபகுதியிலிருந்து வருகிறவர்களையும், மறுபடி சிகிச்சை தேவைப்படுகிறவர்களையும் இதில் நான் சேர்க்கவில்லை. இது ஒரு கைக்கணக்குதான். ஆனாலும் தேவையின் அளவு தெரிகிறது.

இந்தத் தேவைக்கு இங்கே என்ன இருக்கிறது என்று பார்க்குமுன் ஒரு நினைவு. கெப்பாலா பத்தாஸ் என்றதும் நாட்டில் எல்லாருக்கும் நினைவுக்கு வருகிறவர், இந்தத் தொகுதியை நாடாளுமன்றத்தில் நீண்டகாலம் பிரதிநிதித்த துன் அப்துல்லா அகமட் படாவி. அவர் பிரதமராக இருந்தபோதே, 2005 அக்டோபர் 20 அன்று, அவருடைய துணைவியார் எண்டோன் மார்பகப் புற்றுநோயால் காலமானார். சிகிச்சைக்கு அமெரிக்காவரை போனவர். தம் நோயை அவர் ஒளித்து வைக்கவில்லை. அதுவரை ‘அந்த நோய்’ என்று குரலைத் தாழ்த்திப் பேசிய வீடுகளில் அப்போதுதான் மார்பகப் புற்றுநோய் என்று பெயர் சொல்லிப் பேசத் தொடங்கினார்கள். அந்த நாட்களில் எங்கள் பிரிவுக்கு வந்த பெண்கள் பலர் அவர் பெயரைச் சொல்லித்தான் தங்கள் கதையை ஆரம்பித்தார்கள். அதை நன்றியோடு நினைத்துப் பார்க்கிறேன்.

இப்போது நம் வடக்கு வட்டாரத்தைப் பாருங்கள். பினாங்குத் தீவில், ஃபெட்டஸ் பார்க் பகுதியில் மவுண்ட் மிரியம் மருத்துவமனை இருக்கிறது. பிரான்சிஸ்கன் சபைக் கன்னியர் 1976இல் தொடங்கியது, இலாப நோக்கில்லாமல் நடப்பது. வடக்கில் அரசாங்கம் கதிர்வீச்சுக்கு வழி செய்யாத காலத்திலேயே இங்குள்ள ஏழைகளுக்குக் கதவு திறந்த இடம் அது. அந்தக் கன்னியரை நம் மக்கள் மறக்கக் கூடாது. தீவில் தனியார் மருத்துவமனைகளும் உண்டு. மேடானிலிருந்து விமானம் ஏறி இந்தோனேசியர்கள் அங்கே வருகிறார்கள். பெருநிலத்தில் பெர்தாம். அதற்கு வடக்கே, சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனை வளாகத்தில், சுகாதார அமைச்சின் வடக்கு வட்டாரப் புற்றுநோய் மையத் திட்டம்.

பட்டியல் நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் இவற்றின் உடைமையில் இருக்கிறது. பெர்தாம் பல்கலைக்கழகத்துடையது, ஆகவே உயர்கல்வி அமைச்சின் கீழ் வருகிறது. சுங்கை பட்டாணியும் ஜார்ஜ்டவுன் பொது மருத்துவமனையும் சுகாதார அமைச்சுடையவை. மற்றவை தனியார் அல்லது அறநிறுவனங்கள். மூன்று தரப்புக்கும் தனித்தனி வரவு செலவு, தனித்தனிக் கோப்பு, தனித்தனிக் காத்திருப்புப் பட்டியல். ஓரிடத்தில் இயந்திரம் பழுதாகி நோயாளிகள் வரிசையில் நிற்கும்போது, இருபது கிலோமீட்டர் தள்ளி இன்னோரிடத்தில் மதியத்துக்குமேல் காலி நேரம் இருக்கலாம். ஒருவருக்கொருவர் தெரிவதற்கு வழி இல்லை. நோயாளிக்கோ அமைச்சுகளின் எல்லைக்கோடு எதுவும் கண்ணில் படாது, சாலை ஒன்றுதான் தெரியும்.

வடக்கு வட்டாரத்துக்கு ஒரே காத்திருப்புப் பட்டியல் வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள். இது கனவு இல்லை. இங்கிலாந்தில் 1995இல் கால்மன்–ஹைன் அறிக்கை, புற்றுநோய்ச் சேவையைத் தனித்தனி மருத்துவமனைகளாகப் பார்க்காமல் ஒன்றோடொன்று இணைந்த வலையாகப் பார்க்கச் சொன்னது. அங்கே பின்னாளில் கதிர்வீச்சுப் பிரிவுகளை மட்டும் 11 வட்டார வலையமைப்புகளாகச் சேர்த்தார்கள். இந்தியாவில் 2012 முதல் தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பு என்ற பெயரில் அரசு, அறக்கட்டளை, தனியார் எல்லாம் ஒரே சிகிச்சை நெறிமுறையின் கீழ் வந்திருக்கின்றன. உடைமை மாறவில்லை, நடைமுறைதான் ஒன்றானது. நமக்கும் அதுவே போதும்.

ஒன்றாக்குவதில் என் தொழில் சார்ந்த ஒரு நுட்பம் இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் வந்ததற்குப் பொருள் இருக்காது. லீனாக் என்கிற இயந்திரம் எலெக்ட்ரான்களை வேகமாக முடுக்கி டங்ஸ்டன் தகட்டில் மோதவிட்டு எக்ஸ் கதிரை உண்டாக்குகிறது. ஒரே கம்பெனியின் ஒரே மாடல் என்றாலும் இரண்டு இயந்திரங்களின் கதிர்கள் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதில்லை, நுண்ணிய வேறுபாடு இருக்கும். ஓர் இயந்திரத்துக்குப் போட்ட கணக்கை இன்னொன்றில் அப்படியே ஓட்ட முடியாது. மறுபடி கணக்குப் போட வேண்டும், அதற்கு நாட்கள் ஆகும். வாங்கி நிறுவும்போதே இரண்டையும் அளந்து ஒத்துப்போகச் செய்துவிட்டால், பெர்தாமில் இயந்திரம் நின்றாலும் அன்று மாலையே நோயாளியை சுங்கை பட்டாணிக்கு அனுப்பலாம். முக வலையையும் தலையணையையும் காரில் எடுத்துப் போனால் போதும். டெண்டர் எழுதும் நாளில் இதற்கு ஒரே ஒரு வரி தேவை. கட்டி முடித்தபின் நினைத்தால் எவ்வளவு செலவழித்தாலும் கடினம்.

தொலைவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அலோர் ஸ்டாரிலிருந்து இங்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர். போக வர 160. முப்பத்தைந்து தவணைக்கு 5,600 கிலோமீட்டர். வாய் புண்ணாகி, எச்சில் விழுங்கவும் முடியாத ஒருவரைக் காரில் வைத்து ஓட்டும் 5,600 கிலோமீட்டர். டோல், பெட்ரோல், கூட வருகிறவரின் கூலி இழப்பு. பெர்லிஸிலிருந்து வருகிறவர்களின் கணக்கு இன்னும் மோசம்.

சாலையைச் சுருக்க முடியாது. தவணையைச் சுருக்கலாம். இதுதான் கடந்த இருபது ஆண்டுகளில் என் துறையில் நடந்த பெரிய மாற்றம். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைக்குப் பின் 25 தவணை, ஐந்து வாரம் என்பது பழைய வழக்கம். பிரிட்டனிலும் கனடாவிலும் ஆயிரக்கணக்கான பெண்களைப் பத்தாண்டு பின்தொடர்ந்து பார்த்து, மூன்று வாரத்தில் 15, 16 தவணையே போதும் என்று நிறுவினார்கள். 2020இல் ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் ஆய்வு வெளிவந்தது. பிரிட்டனின் 97 மருத்துவமனைகள், 4,096 நோயாளிகள். ஒரே வாரத்தில் 5 தவணை, மொத்தம் 26 கிரே (கிரே என்பது கதிரின் அளவைச் சொல்லும் அலகு). தகுந்த நோயாளிகளுக்கு அது மூன்று வார முறைக்குக் குறைந்ததாக இல்லை. அலோர் ஸ்டார் அம்மாவுக்குப் பழைய முறையில் 4,000 கிலோமீட்டர், புதிய முறையில் 800. புராஸ்டேட் புற்றுநோயிலும் 37 தவணைக்குப் பதில் 20 போதும் என்று 2016இல் சிப் ஆய்வு காட்டியது. எலும்புக்குப் பரவி வலியில் துடிக்கிறவருக்கு 8 கிரே ஒரே ஒரு தவணை, பல தவணை தருகிற அளவுக்கே வலியைத் தணிக்கிறது. சிலருக்குப் பின்னால் மறுபடி தர வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

எல்லாருக்கும் குறைக்க முடியாது என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். அந்தப் பால்மரத்து அம்மாவின் வாய்ப் புற்றுக்கு ஏழு வாரம் ஏழு வாரம்தான். ஆனால் மார்பகத்திலும் எலும்பிலும் மிச்சமாகிற நேரத்தை இயந்திரம் அவரைப் போன்றவர்களுக்குக் கொடுக்கலாம். ஒரு நாளில் ஓர் இயந்திரத்தில் கிடைக்கும் நேரம் தேங்காய்ப்பால் மாதிரி, பிழியப் பிழியக் குறையும். முதல் பாலை யாருக்கு ஊற்றுகிறோம் என்பது பெரிய கேள்வி.

தவணையைச் சுருக்கும்போது சரிபார்ப்பில் கவனம் குறைந்தால் ஆபத்து. பிரான்ஸில் எபினால் என்ற ஊரின் மருத்துவமனையில் 2004, 2005இல் புராஸ்டேட் நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர் போய்ச் சிலர் உயிரிழந்தார்கள். கணினி மென்பொருளைப் பயன்படுத்தியதில் நேர்ந்த தவறு, சரிபார்க்கப் போதிய ஆள் இல்லை. அதன் பிறகுதான் அந்த நாடு மருத்துவ இயற்பியலாளர் எண்ணிக்கையைக் கூட்டி, கதிர்வீச்சு மையங்களுக்குக் கண்டிப்பான தகுதி விதிகள் கொண்டுவந்தது. இயந்திரத்துக்குத் திறப்பு விழா நடத்தும் நாளில் எத்தனை இயற்பியலாளர், எத்தனை கதிர்வீச்சுச் சிகிச்சையாளர் நியமிக்கப்பட்டார்கள் என்று நீங்கள் கேட்க வேண்டும். தரம் பார்க்கும் ஆளைக் குறைத்து வரிசையை வேகமாக்குவதை நான் ஒருபோதும் ஒப்ப மாட்டேன்.

அடுத்தது தங்குமிடம். ஏழு வாரச் சிகிச்சைக்கு மருத்துவமனைக் கட்டில் தேவையில்லை. நோயாளிக்கு ஒரு கட்டில், துணைக்கு ஒரு பாய், கஞ்சி வைக்க ஓர் அடுப்பு போதும். இதற்கு அரசாங்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தை நினைத்துப் பாருங்கள். வடக்கிலிருந்து கொழும்புப் பக்கம் மகரகமைக்குப் போனவர்களின் அலைச்சலைக் கண்டு, தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை அமைப்பதற்காக 2011இல் தெற்கு முனை தெவிநுவரவிலிருந்து பருத்தித்துறைவரை நடந்தே போய் நிதி திரட்டினார்கள். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள், போர் முடிந்து இரண்டே ஆண்டில். நாம் நடக்க வேண்டாம். தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தல் போடும் ஊர் இது. ஆண்டுக்கு ஒரு நாள் போடும் பந்தலில் நாம் காட்டும் ஒழுங்கையும் தாராளத்தையும் பெர்தாமில் இரண்டு வாடகை வீட்டுக்குத் திருப்பினால், பாலிங்கிலிருந்து வரும் குடும்பம் ஏழு வாரமும் இங்கேயே தங்கிவிடும்.

நம் சமூகத்துக்கு இதில் தனி அக்கறை இருக்க வேண்டிய காரணம் ஒன்று உண்டு. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தாரைவிட இந்தியரிடையே அதிகம், அதிலும் நம் பெண்களிடம். வெற்றிலையை நான் பழிக்க வரவில்லை, சுப காரியத்தில் அதற்கு இடம் உண்டு. புகையிலையையும் பாக்கையும் கன்னத்தில் அதக்கி வைப்பதைத்தான் விடச் சொல்கிறேன். வாயில் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ தெரிந்தால், புண் மூன்று வாரமாகியும் ஆறாவிட்டால், கிளினிக் கெசிஹாத்தானில் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் பலருக்கு அறுவையோடு முடிந்துவிடும், கதிர்வீச்சுப் பிரிவின் வாசலை மிதிக்கவே தேவை வராது.

கடைசியாக ஒரு காகிதத்தைப் பற்றி. 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில், தகுதியுள்ள குறைந்த வருமானக் குடும்பத்தார் அரசு மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடித்தால் 1,000 வெள்ளிவரை ஊக்கத்தொகை உண்டு. போக்குவரத்துக்குத் தீபகற்பத்தில் 500 வெள்ளிவரை தனியாகக் கிடைக்கும். 5,600 கிலோமீட்டருக்கு 500 வெள்ளி போதாது. அதைக் கூட்ட வேண்டும், தொலைவுக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்று நாம் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் இருப்பதையே பலர் வாங்குவதில்லை. வீட்டில் யாருக்காவது கதிர்வீச்சு எழுதினால், வலை வார்க்கப் போகும் முதல் நாளே மருத்துவமனையின் சமூகநலப் பிரிவில் இந்தப் படிவத்தைக் கேளுங்கள். நிறைய நோயாளிகள் வருகிற நாளில் தாதியர் மறந்துபோகக்கூடும், நீங்களாகவே கேளுங்கள். அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விவரம், சிகிச்சை அட்டவணை மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டிப்போக ஆள் கிடைக்காத நாள் வரும் என்று தெரிந்தால், அந்த நாள் வருவதற்குமுன் கதிர்வீச்சுச் சிகிச்சையாளரிடம் சொல்லிவிடுங்கள். முன்கூட்டித் தெரிந்தால் நேரத்தை மாற்றித் தரவோ, விட்ட தவணையைச் சனிக்கிழமை ஈடுகட்டவோ, ஒரே நாளில் ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டு தவணை தரவோ அவர்கள் வழி பார்க்கலாம். அந்த லோரி ஓட்டுநர் மகனுக்கு இதை நாங்கள் யாரும் சொல்லவில்லை.